முதலாளிக்கு ஏற்ற புல்

அக்டோபர் 6

மச்சானுக்கு,

குதிரைக்கு இருமல் வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய புல்லைத் தின்ற பிறகுதான் வந்தது.

போனில் சொல்லியிருக்கலாம். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். அவள் உங்களுக்குத் தங்கை, எனக்கு மனைவி. இரண்டு பேரையும் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் எழுதுகிறேன்.

என் காலில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் இன்னும் ஊன்றக் கூடாதாம். மரம் உருண்டு என் மேல் விழுந்த நாளிலிருந்து, முதலாளி என்று பெயர் வைத்த குதிரையும் லாயத்தில் சும்மா நிற்கிறான். காட்டுச் சரிவில் மரம் இழுத்துப் பழகிய உடம்பு இப்போது பீப்பாய் மாதிரி ஆகிவிட்டது. நேற்று உங்கள் தங்கை சும்மா சேணத்தின் வயிற்றுப்பட்டையைப் போட்டுப் பார்த்தாளாம், கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. புல்லில் வாய் வைத்ததும் கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, வறட்டு இருமல் இருமுகிறான்.

நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன வருடம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்தக் குதிரையை வித்துட்டு ஒரு டிராக்டர் வாங்குங்க மாப்பிள்ளை, உலகம் எங்கேயோ போயிடுச்சு" என்று சொன்னது நீங்கள்தான். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனது நான்தான். அதற்குப் பிறகு ஒரு லாரி புல் சொல்லாமல் கொள்ளாமல் இலவசமாக வந்து இறங்கினால் மனிதன் என்னவென்று எடுத்துக்கொள்வான்?

மீதி இருப்பதைத் திருப்பி அனுப்பட்டுமா?

மாப்பிள்ளை


அக்டோபர் 11

மாப்பிள்ளைக்கு,

என் புல்லைக் குறை சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை. காசு கொடுக்காமல் குறை சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

சைக்கிள் கேரியரில் புல்கட்டை வைத்துக் கட்டி, வீடு வீடாகப் போய் விற்க ஆரம்பித்தவன் நான். இன்று கிடங்கும் லாரியும் இருக்கிறது என்றால் அது இந்த மூக்கால் வந்தது. ஒரு பிடியை உருவி, உதறி, முகர்ந்து பார்த்தால் எந்த மழைக்கு முன்னால் அறுத்தது என்று சொல்லிவிடுவேன். உங்களுக்கு அனுப்பியதை நானே நின்று ஏற்றினேன். அதில் பூஞ்சை இல்லை. இருந்தது என்றால் லாரியில் இருந்து இறங்கிய பிறகு வந்திருக்க வேண்டும்.

கோபத்தை விடுங்கள். வியாபாரியாகக் கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். புல்லை எங்கே அடுக்கினீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள், அதைத் தராசில் வைத்தா, கண்ணால் பார்த்தா? கீழே என்ன பரப்பியிருக்கிறது? மூக்கில் சளி வடிகிறதா, காய்ச்சல் உண்டா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் புல்லை மாற்றச் சொல்கிறவன் உங்கள் பணத்துக்கு ஆசைப்படுகிறவன். முதலில் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். என் மூக்கு புல்லுக்குத்தான், நுரையீரலுக்கு இல்லை.

ஒரு விஷயம். பாதிப் பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். உங்கள் குணம் எனக்குத் தெரியும், எதைச் செய்தாலும் கோடரியால்தான் செய்வீர்கள். வேண்டாம். கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைத் தாக்கும். அப்படிப் போன குதிரையை நான் பார்த்திருக்கிறேன்.

குதிரைக்கு "முதலாளி" என்று பெயர் வைத்தபோது யாரை மனதில் வைத்துக்கொண்டு வைத்தீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மச்சான்


அக்டோபர் 17

மச்சானுக்கு,

டாக்டர் அம்மா வந்து போனார். காது வைத்துக் கேட்டார், ஓடவிட்டுக் கேட்டார், ஒரு பையை மூக்கில் பிடித்து மூச்சு வாங்கவிட்டும் கேட்டார். காய்ச்சல் இல்லை. தொற்றும் இல்லை. தூசியால் மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கிறதாம். பிறகு முதலாளியின் கழுத்து மேட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "யாருங்க இவனுக்குச் சாப்பாடு போடுறது?" என்றார். உங்கள் தங்கை ஜன்னல் வழியாக என்னைக் கைகாட்டினாள். "அப்போ ரெண்டு பேரையும் சேர்த்தே எடை பார்த்துடலாம்" என்றார் அந்த அம்மா. நான் கட்டிலிலிருந்தே சிரித்தேன், வேறு என்ன செய்வது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கொட்டகைக் கூரை ஒழுகும். உங்கள் புல் அவ்வளவு பச்சையாக, அவ்வளவு மெத்தென்று இருந்தது. அதைப் போய் நனைய விடுவதா என்று லாயத்துப் பரணில் ஏற்றி வைத்தோம். முதலாளி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே. பரணில் ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறந்து தள்ளினால் அவன் முன்னால் விழும். டாக்டர் அந்தக் கதவைத் திறக்கச் சொன்னார். தள்ளியபோது வெயில் கோட்டில் தூசி எப்படி இறங்கியது என்று உங்கள் தங்கை வந்து சொன்னாள். மாவு சலித்த மாதிரி இருந்ததாம். கீழே வைக்கோல்தான் பரப்பியிருக்கிறோம். அதுவும் தப்பாம்.

எவ்வளவு போடுகிறேன் என்பதற்குத்தான் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நான் படுத்திருக்கும் பின்னறைக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். முதலாளி மெல்லுவது எனக்குக் கேட்கும். எழுந்து நிற்க முடியாத நாட்களில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். மெல்லுகிறான் என்றால் நாளைக்கு வேலைக்குத் தெம்பு ஏற்றிக்கொள்கிறான், நாங்கள் இன்னும் தொழிலில் இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. சத்தம் நின்றால் மனது என்னவோ செய்யும். "கொஞ்சம் தள்ளிவிடு" என்று உங்கள் தங்கையைக் கூப்பிடுவேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தள்ளுவாள். அப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காட்டு கான்ட்ராக்டர் வந்திருந்தார். மழை விட்டு ஜனவரியில் மரம் இறக்க ஆரம்பிக்கும்போது முதலாளி சரிவில் ஒரு மரத்தை இழுத்துக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் எல்லா வேலையும் டிராக்டருக்குப் போய்விடும். வேலையில்லாத குதிரையை வைத்துத் தீனி போட எனக்கு வழியில்லை. இருமுகிற கொழுத்த குதிரையை வாங்க வருகிறவன் எந்தக் கசாப்புக் கடைக்குக் கொண்டுபோவான் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இங்கே ஒரு கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி லேசாகப் புளிக்க வைத்த ஈரப்புல் விற்கிறார்கள். துளித் தூசி இல்லையாம். அதை வாங்கிவிடட்டுமா?

மாப்பிள்ளை


அக்டோபர் 22

மாப்பிள்ளைக்கு,

வாங்காதீர்கள். அதை நானும் விற்கிறேன். என் சரக்கிலேயே அதிக லாபம் அதில்தான், அதனால் சொல்வதை நம்பலாம். தூசி இல்லை என்பது உண்மை. இருமுகிற ஒல்லிக் குதிரைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் இளசாக அறுத்துச் சுற்றியது, சத்து அதிகம். உங்கள் குதிரை அதைத் தின்றால் இருமல் நின்றுவிடும், இன்னும் கொழுக்கும். கொழுத்தால் குளம்பில் நோய் வரும். அப்புறம் இருமாமல் நொண்டும்.

சிக்கலே இதுதான். தூசி இல்லாத புல் கொழுக்க வைக்கிறது. இளைக்க வைக்கிற புல் தூசியாக இருக்கிறது. நான்கு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒருவருக்கு மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் புல்லில் தப்பில்லை என்று எழுதியிருந்தேன். இப்போதும் அதையே சொல்கிறேன். அது நல்ல சரக்கு. அவ்வளவு நல்ல சரக்காக இருந்ததுதான் வினை. பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிற இரண்டாம் அறுப்பு அது, முழுக்க இலை. அன்று சாப்பாட்டில் சொன்னது சொல்லாமல் இருந்திருக்க வேண்டியது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, லாரியில் ஏற்றி அனுப்பினேன். நின்ற இடத்தில் நிற்கிற குதிரைக்கு அது ஆகாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் கால் முறிந்த செய்தி கேட்ட கையோடு நல்லதாகத் தேடி ஏற்றினேனே ஒழிய, யார் தின்னப்போகிறார்கள் என்று நினைக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது முற்றிப்போய், விதை உதிர்ந்த பிறகு அறுத்த முதல் அறுப்பு. துடைப்பம் மாதிரி வெறும் தண்டு. அந்த மாதிரிச் சரக்கை நான் கடைக்குள் விட்டதே கிடையாது. நேற்று ஒரு பண்ணைக்காரரிடம் போனேன். அவருக்கு நம்பவே முடியவில்லை.

"நீங்களா? இதையா? என் மாடே இதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்குதுங்க."

"அப்படிப்பட்டதுதான் வேணும். ஆனா சுத்தமா இருக்கணும்."

"யாருக்குங்க?"

"சொந்தக்காரருக்கு."

"அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

இருந்தது, இப்போது சரியாகிக்கொண்டிருக்கிறது என்றேன். ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, வெயிலில் உதறி, நடுவில் கை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்து எடுத்திருக்கிறேன். பூஞ்சை பிடித்ததை எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் பூஞ்சைதான், அதை அங்கேயே தள்ளிவிட்டேன். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கிடங்கின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லாரி வரும். அந்தத் தார்ப்பாயும் உங்களுக்குத்தான், ஒழுகும் கூரைக்கு.

இனி பரணில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. புல்லைத் தொட்டியில் முழுக ஊறவைத்து, வடித்து, ஈரமாகவே போடுங்கள். தூசி அடங்கும், புல்லில் இருக்கிற சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரோடு போகும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. அதிக நேரம் ஊறினால் புளித்துவிடும், அன்றன்றைக்கு ஊறவையுங்கள். தரையில் போட்டால் தலையைத் தாழ்த்தித் தின்னும், சளி இறங்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, தொங்குதராசில் நிறுத்துப் போடுங்கள். காய்ந்த புல்லாக இருக்கும்போதே நிறுங்கள், ஊறினால் தண்ணீரையும் சேர்த்து நிறுத்தது ஆகிவிடும். பழைய புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வைக்கோலை எடுத்துவிட்டு மரச்சீவல் பரப்புங்கள். மர அறுவை ஆலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வைக்கோல் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

பரணில் மீதி இருக்கிற நல்ல புல்லை அதே லாரியில் ஏற்றிவிடுங்கள், விற்றுவிடுகிறேன். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறானே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


நவம்பர் 16

மச்சானுக்கு,

சொன்னபடி எல்லாம் நடக்கிறது. முதலாளி முதல் இரண்டு நாள் அந்தத் தண்டைக் காலால் கிளறிவிட்டு எங்களைப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் அன்று நான் உங்களைப் பார்த்த பார்வை. பிறகு வேறு வழியில்லாமல் தின்ன ஆரம்பித்தான். இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. காலையில் வெளியே கொண்டுவரும்போது ஒரு முறை, அவ்வளவுதான்.

ஆனால் வயிறு அப்படியே இருக்கிறது. வயிற்றுப்பட்டை இன்னும் எட்டவில்லை. தராசில் ஒரு பிடி கூடவில்லை என்று உங்கள் தங்கை சத்தியம் செய்கிறாள். ஓட்ஸ் கிடையாது, கேரட் கிடையாது. எதையும் வீணாக்குவதும் இல்லை. ஊறவைத்த தண்ணீரைக்கூட அவள் கொட்டுவதில்லை. "புல்லோட சத்தெல்லாம் இதுலதானே இறங்கியிருக்கு, இதைப் போய் யாராவது சாக்கடையில ஊத்துவாங்களா?" என்று வடித்து அவனுக்குக் குடிக்க வைக்கிறாள். டீ நிறத்தில் இருக்கிறது. அவன் வாளியை நக்கித் துடைத்துவிடுகிறான். வெறும் தண்டு தின்கிறவனுக்கு அதாவது கிடைக்கிறதே என்று எனக்கும் திருப்தி.

பிறகு ஏன் இளைக்கவில்லை என்று தெரியவில்லை. டாக்டரிடம் மறுபடி கேட்கலாமா?

இன்னொன்று. போட்டது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நேற்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு லாயத்து வாசல்வரை போய்விட்டேன், கையில் ஒரு பிடிப் புல்லோடு. உங்கள் தங்கை கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. புல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

மாப்பிள்ளை


நவம்பர் 20

மாப்பிள்ளைக்கு,

இதை முதலில் தங்கையிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா தாயே, அந்தத் தண்ணீரைக் கொட்டு. அதில் இருக்கிறது சத்தில்லை, சர்க்கரை. அதை வெளியேற்றத்தான் ஊறவைக்கச் சொன்னேன். நீ அதை வடித்து, வாளியில் ஊற்றி, குதிரைக்கே குடிக்கக் கொடுத்திருக்கிறாய். சின்ன வயதில் பென்சில் சீவிய தூளைக்கூட டப்பாவில் போட்டு வைத்தவளிடம், கொட்டு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஊறவை, வடி என்று மட்டும் எழுதிவிட்டேன். செடிக்குக்கூட ஊற்றாதே, ஈ மொய்க்கும்.

கடையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கணக்குப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். போன வருடத்துக்குப் பிறகு உங்கள் வீட்டு விஷயத்தில் நான் சிரித்தது இப்போதுதான்.

தண்ணீரோடு தாது உப்பும் கொஞ்சம் போகும். அதற்கு டாக்டர் சொல்கிற தாது உப்புப் பொடியை மட்டும் கொடுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். ஒரு பிடியோடு வாசல்வரை போனதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்தீர்களே. உங்களுக்கு வேண்டியது அது நிறையத் தின்பது இல்லை, நிறைய நேரம் தின்பது. இரண்டும் வேறு. இந்தப் பார்சலில் சின்னக் கண் வைத்த வலை இருக்கிறது. ஆழமாக ஒரு மரப்பெட்டி செய்யுங்கள். ஊறிய புல்லை உள்ளே போட்டு, மேலே வலையை இழுத்து ஓரத்தில் கட்டிவிடுங்கள். தொங்கவிட வேண்டாம், லாடம் மாட்டிக்கொள்ளும். வலைக் கண் வழியாக ஒவ்வொரு தண்டாகத்தான் உருவ முடியும். அதே எடைப் புல், பல மடங்கு நேரம். குதிரைக்கும் வயிறு காலியாகக் கிடக்காது, உங்களுக்கும் காது காலியாகக் கிடக்காது.

பெட்டியை ஆலைக்காரரிடம் செய்யச் சொல்லாதீர்கள். உட்கார்ந்த இடத்தில் இழைப்புளி பிடிக்க உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மச்சான்


ஜனவரி 24

மச்சானுக்கு,

நீண்ட நாள் எழுதவில்லை. எழுதினால் நல்ல செய்தியாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பெட்டியை நானே செய்தேன். கட்டிலில் உட்கார்ந்து இழைத்ததில் படுக்கையெல்லாம் சீவல். உங்கள் தங்கை திட்டிக்கொண்டே அதைக் கூட்டி அள்ளி லாயத்தில் பரப்பினாள், வீணாக்கவில்லை. அந்தத் தண்ணீரை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டுகிறாள்.

சத்தம் இப்போது வேறு மாதிரி. முன்பெல்லாம் அரைக்கிற மாதிரி ஒரே இழுப்பாகக் கேட்கும். இப்போது ஒன்றை உருவுகிறான், நிறுத்துகிறான், மெல்லுகிறான், மறுபடி தேடுகிறான். நான் தூங்கிப் போன பிறகும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது போல. நிற்பதை நான் கேட்டதேயில்லை.

டிசம்பரிலிருந்து நடக்கிறோம். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான், என் ஊன்றுகோலை முகர்ந்துகொண்டு அவன். முதல் நாள் ஆலை வாசலோடு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆலை ஆட்கள், "யாரு யாரைக் கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டார்கள். இப்போது பாலம் வரைக்கும் போய்த் திரும்புகிறோம். வயிற்றுப்பட்டை முதலில் கடைசி ஓட்டைக்கு வந்தது. இப்போது அதற்கு முந்தினது.

நேற்று கான்ட்ராக்டர் வந்தார். முதலாளியைச் சரிவுக்குக் கொண்டுபோனோம். சின்ன மரமாகத்தான் கட்டினேன், பெரியதைக் கட்டச் சொன்னார், மாட்டேன் என்றேன். ஏறத் தொடங்கும்போது ஒரு முறை இருமினான். கான்ட்ராக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதையும் பார்க்காத மாதிரி நின்றேன். பிறகு தலையைத் தாழ்த்தி, பின்னங்காலை ஊன்றி, மேலே வரைக்கும் இழுத்தான். மேலே போய் நின்றபோது விலா ஏறி இறங்கியது, மூக்கு விரிந்திருந்தது, இருமல் இல்லை. அவர் பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்டார்.

"அதே குதிரைதானா, இல்லை மாத்திட்டீங்களா?"

"தீனியை மாத்தினோம்" என்றேன்.

முழு வேலையும் தரவில்லை. சமதரை எல்லாம் டிராக்டருக்குத்தான். டிராக்டர் ஏற முடியாத மேற்குச் சரிவு எங்களுக்கு. பாதிக்கும் குறைவு. எங்கள் இரண்டு பேர் உடம்புக்கு இப்போது அதுதான் அளவு. நீங்கள் சொன்னதிலும் பாதி சரியாகிவிட்டது, டிராக்டர் வந்துவிட்டது. அதைச் சொல்லிக்காட்டுவதானால் இப்போதே சொல்லி முடித்துவிடுங்கள்.

அந்தத் தண்டுப்புல் அடுத்த அறுப்பு வரைக்கும் வேண்டும். இந்த முறை விலை சொல்லுங்கள். இலவசம் என்று எழுதினால் வேறு கடையில் வாங்குவேன். நீங்கள் இலவசமாகக் கொடுத்தது ஒரு தடவை எங்களை என்ன பாடுபடுத்தியது என்று தெரியுமே.

மாப்பிள்ளை


ஜனவரி 30

மாப்பிள்ளைக்கு,

சொல்லிக்காட்ட மாட்டேன். மேற்குச் சரிவில் டிராக்டர் ஏறாது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாத விஷயத்தில் சாப்பாட்டு நேரத்தில் யோசனை சொன்னேன்.

உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அந்தப் பண்ணைக்காரரிடம் போனேன். அவர் விலையை ஏற்றிவிட்டார். நான் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததை யாரோ தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருக்கிறானே, ஏதோ உசத்திச் சரக்கு போல என்று ஊர்முழுக்கப் பேச்சு. கொழுத்த குட்டைக் குதிரை வைத்திருக்கிற ஒரு அம்மா கடைக்கே வந்து, "அந்தப் பின்னாடி வெச்சிருக்கிறதைக் கொடுங்க" என்று கேட்கிறார். கொடுத்தேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்லியும் கொடுத்தேன். இப்போது எல்லோரிடமும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

அதனால் இது தானம் இல்லை, வியாபாரம்தான். நான் நஷ்டப்படுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த அம்மா மாதிரி ஆட்கள் எல்லோரும் வைக்கோலுக்குப் பதிலாகத் தூசி இல்லாத மரச்சீவல் கேட்கிறார்கள். எனக்குக் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆலை வாசலில் அது மலையாகக் கிடக்கிறது, வேண்டாம் என்று கொளுத்துகிறார்கள் என்று தங்கை சொன்னாள். பணம் வேண்டாம். பேசி முடித்த மாதிரி எழுதிவிடுகிறேன், சம்மதம் என்றால் அடுத்த லாரி ஓட்டுநரிடம் தலையை ஆட்டுங்கள் போதும்.

ஒரு லாரி தண்டுப்புல்லுக்கு இரண்டு லாரி மரச்சீவல். சலித்தது, காய்ந்தது, சாயம் போட்ட மரம் கலக்காதது. புல் ஏற்றுகூலி என்னுடையது, சீவல் ஏற்றுகூலி உங்களுடையது. எந்தப் பக்கத்துச் சரக்கில் பூஞ்சை இருந்தாலும் அந்த லாரி கணக்கில் சேராது. அறுப்புக்கு ஒரு முறை நானே வந்து புல்லைப் பார்த்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போவேன். சாப்பாட்டில் டிராக்டர் பேச்சு கிடையாது. முதலாளி விற்பனைக்கு இல்லை.

மச்சான்